ஸ்டேஷனுக்குப் போன துப்பாக்கி

தேர்தல் தேதி அறிவித்த அன்றைக்குப் பாயசம் வைக்கிற வீட்டை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். என் தம்பி வீடுதான். கட்சிக்காரன் வீடு போல என்று நினைக்க வேண்டாம், என் தம்பிக்குத் தன்னைத் தவிர வேறு தலைவர் கிடையாது. பாயசம் வைத்தவள் அவன் மனைவி. அவளுக்கு அரசியலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அவளுக்கு இருந்த கவலை எல்லாம் துப்பாக்கியைப் பற்றித்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தேர்தல் அறிவித்ததும், லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அதைக் கொண்டுபோய்ப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி, ஜெயித்தவன் மாலை போட்டு, தோற்றவன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, எல்லாம் அடங்கின பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அதுவரைக்கும் தம்பி வீட்டுக் கூடத்துச் சுவரில் இரண்டு கொக்கிகள் மட்டும் இருக்கும். அந்த வெறுங்கொக்கிகளுக்காகத்தான் பாயசம்.

நான் சங்கரன்கோவிலில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள் என்று சிரித்த முகத்தோடு கேட்பதுதான் என் பிழைப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வாய் நீளாமல் ஒரு பாலிசி போட்டுக் காட்டட்டும், பார்க்கிறேன். நான் தம்பிக்கு அக்கா, அவன் அடுத்த தெருவில் இருந்தான். அவனுக்கு ஒரே மகள், வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். லீவு விட்டால் ஊருக்கு வராமல் இருக்கக் காரணம் தேடுகிற பிள்ளை அது.

துப்பாக்கி எங்கள் அப்பாவுடையது. வாசுதேவநல்லூர்ப் பக்கம், மலை அடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. காட்டுப்பன்றி இறங்கி மக்காச்சோளத்தை நாசம் பண்ணுகிறது என்று பயிர்ப் பாதுகாப்புக்காக அப்பா லைசென்ஸ் வாங்கினார். அவர் சுட்டு ஒரு பன்றியும் செத்தது கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். பன்றிகளும் அவருக்கு மரியாதை கொடுத்துப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். பக்கத்து வயல்காரர் கடைசிவரைக்கும் எங்களோடு பேசவில்லை.

அப்பாவுக்குப் பிறகு தம்பி ஆபீஸ் ஆபீஸாக அலைந்து லைசென்ஸைத் தன் பெயரில் வாங்கினான். வாங்கின கையோடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டான். துப்பாக்கியை மட்டும் டவுனுக்குக் கொண்டுவந்து கூடத்தில் மாட்டினான். எனக்குத் தெரிந்து சங்கரன்கோவில் தெருவுக்குள் காட்டுப்பன்றி வந்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், ரோஜா மாலை. தையல்காரரிடம் சொல்லி சிவப்பு வெல்வெட்டில் ஒரு உறை வேறு. அந்த வருஷம் தீபாவளிக்கு அவன் மனைவிக்கு எடுத்த சேலையைவிட அந்த வெல்வெட் நல்ல துணி. கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தேர்தலுக்கு அதை ஒப்படைக்கப் போவது இருக்கிறதே, அது ஒரு கல்யாண ஊர்வலம். தலைக்குக் குளிப்பான். வெள்ளைச் சட்டை போட்டு சென்ட் அடிப்பான். பைக்கில் பின்னால் எங்கள் சித்தப்பா மகனை உட்காரவைத்து, வெல்வெட் உறையோடு துப்பாக்கியை நட்டுக்குத்தலாகப் பிடிக்கச் சொல்வான். நேராகப் போனால் ஸ்டேஷன் பக்கம். இவன் கோவிலைச் சுற்றி, ரத வீதியைச் சுற்றி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நிறுத்தி, நாலு பேர் கேட்கிறவரைக்கும் காத்திருந்து, அதற்கு அப்புறம்தான் போவான். கேட்கிறவர்களிடம் "கவர்மெண்ட்டுக்கே நம்ம மேல ஒரு பயம்" என்பான். அப்படியே நம்பினான்.

இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை. தம்பிக்குக் கை நீளும். காப்பி ஆறிப்போனதுக்கு, போனை எடுக்க நேரமானதுக்கு, சும்மா இருந்ததுக்கு. முன்பெல்லாம் அடி வாங்கினாலும் அவள் "எதுக்கு அடிக்கிய" என்று ஒரு வார்த்தை கேட்பாள். துப்பாக்கி கூடத்துக்கு வந்த பிறகு அதுவும் நின்றுபோனது. அவள் வாயைத் திறந்தால் அவன் பதில் பேச மாட்டான். எழுந்து போவான். கொக்கியிலிருந்து அதை எடுப்பான். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பழைய துணியால் துடைப்பான். குழல் அடுக்களையைப் பார்த்து இருக்கும். அவள் உள்ளே போய்விடுவாள். இவ்வளவுதான் நடக்கும், ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும்.

ஒரு தடவை ராயகிரிக்கு, அம்மா வீட்டுக்கு, சொல்லாமல் கிளம்பினாள் என்று மேலே பார்த்துச் சுட்டுவிட்டான். காரை பெயர்ந்து அவள் தலையில் கொட்டியது. துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று தெருவுக்குச் சொன்னான். கூரையில் விழுந்த ஓட்டையை மறைக்க அதே இடத்தில் ஒரு கண்ணாடி விளக்கைத் தொங்கவிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்து, "வெளக்கு ஜோரா இருக்கே, எங்கன வாங்குனிய" என்று கேட்பார்கள். அவள் காப்பியை நீட்டிக்கொண்டே "தென்காசியில" என்பாள்.

தேர்தல் சமயத்தில் அவளைப் பார்க்க வேண்டும். வேறு பெண். கன்னத்தில் சதை போடும். பாட்டு முனகிக்கொண்டே துணி துவைப்பாள். அடுக்களையில் இருந்தபடியே கூடத்துக்குச் சத்தம் போட்டுப் பேசுவாள். கை நீளுகிறவன் அப்போதும் நீட்டத்தான் செய்வான், ஆனால் "அடிக்காதிய" என்று கேட்க அவளுக்கு வாய் இருக்கும். அதனால் அவள் தேர்தல் செய்தியைப் படிக்கிற மாதிரி எந்தக் கட்சி மாவட்டச் செயலாளரும் படித்திருக்க மாட்டார். பாராளுமன்றம் எப்போது, சட்டமன்றம் எப்போது, உள்ளாட்சி ஏன் தள்ளிப்போகிறது, எல்லாம் விரல் நுனியில். ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, எம்.எல்.ஏ. யாருக்காது ஒடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டியளா?"

"எதுக்குட்டி கேக்க?"

"இல்ல, இடைத்தேர்தல் வருமான்னு பாத்தேன்." உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கட்டும் பாவம். புள்ளகுட்டிக்காரரு."

நான் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை. எவனோ ஒருவன் செத்தால்தான் இவளுக்கு ஒரு மாசம் மூச்சுவிட முடியும் என்றால் இது என்ன பிழைப்பு என்று தம்பி மேல் ஆத்திரமாக வந்தது.

போன சட்டமன்றத் தேர்தலுக்குத் துப்பாக்கி போனபோது அவள் பாயசம் வைக்கவில்லை. நான் போனபோது அரிசி களைந்த தண்ணீர்ச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். என்ன என்று கேட்டேன். துப்பாக்கியை உறையில் போடுகிற சமயத்தில் தம்பி அவளைப் பார்த்து, "எலெக்ஷன் முடிஞ்சு இது வரட்டும், ஒனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கோபத்தில் சொல்லவில்லை. பல் விளக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்கிற மாதிரி சொன்னானாம்.

"மதினி, இந்தத் தடவ அது திரும்பி வரக்கூடாது," என்றாள். "வந்தா நான் இருக்க மாட்டேன்."

நான் எத்தனையோ பேரிடம் சாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. ஓட்டு எண்ணுகிற நாள் வரைக்கும்தான் அவகாசம்.

முதலில் எங்கள் சித்தப்பாவிடம் சொன்னேன். குடும்பத்தில் பெரியவர் அவர்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, பன்னி வந்தா என்ன செய்வான்?" என்றார்.

"எந்தப் பன்னி சித்தப்பா? பஸ் ஸ்டாண்டுக்கா?"

"நம்ம குடும்பத்து மானம்ட்டி அந்தத் துப்பாக்கி. ஒங்க அப்பாவோட ஞாபகம்."

"அப்பா ஞாபகத்துக்கு அவரு மூக்குக் கண்ணாடி எங்கிட்ட இருக்கு. அதக் கூடத்துல மாட்டச் சொல்லுதேன்."

அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வழியெல்லாம், "அவுகளுக்குத் தெரிஞ்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா பொறுமையாகக் கேட்டார். எனக்குத்தான் பொறுமை இல்லை. "ஓட்டுப் போடுதவன யாரும் பயமுறுத்தக் கூடாதுன்னு துப்பாக்கிய வாங்கிப் பூட்டுதீங்க. சரி. தெனமும் சோறு போடுதவள ஒருத்தன் பயமுறுத்துதான், அதுக்கு வாங்கிப் பூட்ட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பூட்டலாம்மா, சட்டம் இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். பாதுகாப்பு அலுவலர் மூலமாக குடும்ப வன்முறைச் சட்டப்படி கோர்ட்டுக்குப் போகலாம் என்றார். லைசென்ஸ் கலெக்டர் கையில் இருக்கிறது, பாதுகாப்புக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர் ரத்து செய்யலாம், அதுவரைக்கும் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று இப்போதே மனுக் கொடுங்கள் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "ஆனா விசாரணைக்கு ஆள் வரும். அப்ப யாராவது ஒருத்தராவது உண்மையைச் சொல்லணும்."

அங்கேதான் எனக்கு நம்பிக்கை போனது. எங்கள் ஊரில் விசாரணை என்று யார் வந்தாலும் ஒரே பதில்தான். பெண் கேட்டு வந்தாலும், பாஸ்போர்ட்டுக்கு வந்தாலும், போலீஸே வந்தாலும், "தங்கமான மனுஷன்." முதலில் உட்காரச் சொல்வோம், காப்பி கொடுப்போம், முறுக்கு கொடுப்போம், தங்கமான மனுஷன் என்போம். சுவர்த் தகராறில் கோர்ட்டில் நிற்கிறவர்கூட எதிராளியைப் பற்றி வெளியாள் கேட்டால் தங்கம் என்றுதான் சொல்வார். வந்தவர்கள் தெரு முனை தாண்டின பிறகு உண்மையைப் பேச ஆரம்பிப்போம். இப்படி வளர்ந்த ஆட்கள் துப்பாக்கிக்காக மட்டும் மாறிவிடுவார்களா?

கோர்ட்டு வேலையைப் பாதுகாப்பு அலுவலர் பார்த்துக்கொண்டார். தேர்தல் நேரத்தில் மனு நாள் கிடையாது என்றதால் நாங்கள் தென்காசிக்கே போய்க் கலெக்டர் ஆபீஸ் பெட்டியில் மனுவைப் போட்டுவிட்டு, அது போதாது என்று ஒரு ஆபீசரையும் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தோம். அவர் மனுவை இரண்டு தரம் படித்தார். "துப்பாக்கி வேணும்னு வர்றவங்களைத்தாம்மா பார்த்திருக்கேன்," என்றார்.

விசாரணைக்கு ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், கூட ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர். லைசென்ஸ் சம்பந்தமாக என்று மட்டும் சொன்னார்கள். கோர்ட்டு நோட்டீஸ் இன்னும் தம்பி கைக்கு வரவில்லை, அவன் அப்போதுதான் லைசென்ஸைப் புதுப்பிக்க எழுதிக் கொடுத்திருந்தான். அதற்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குச் சந்தோஷம். உடனே உள்ளே போய் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். போனில் தகவல் கேட்டு நான் ஓடிப்போனபோது தெருவே கூடத்தில் இருந்தது. முறுக்கும் வந்திருந்தது.

எதிர்பார்த்தபடியே நடந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சி, "தங்கமான மனுஷன்" என்றார். சித்தப்பா, "சொக்கத் தங்கம்" என்றார். சுட்ட சத்தத்தில் அன்றைக்குக் கையில் இருந்த பால் செம்பைக் கீழே போட்ட பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாளே, அவள், "சத்தமா? கோயில் வெடின்னுல்லா நெனச்சேன்" என்றாள். தம்பி மனைவி அடுக்களை வாசலில் நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் அவளிடம் கேட்டபோது அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. நானே பேச வாயெடுத்தேன், சப்-இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

அவர் தம்பியிடம் திரும்பி, "இப்ப நிலம் குத்தகையிலதான் இருக்கு. உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு சார்?" என்றார்.

பன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவ்வளவு பேர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவனுக்கு வினையாக வந்தது. கூட்டத்துக்கு முன்னால் பன்றி விரட்டுகிறேன் என்று சொல்ல அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

"வீட்டுக்கு ஒரு பயம் வேண்டாமா மேடம்?" என்றான்.

"யாருக்குப் பயம்?"

"பொம்பளைக்குத்தான். நான் அடிக்கவே வேண்டாம். எடுத்து மடியில வச்சேன்னா முடிஞ்சுது. ஒரு சத்தம் வராது இந்த வீட்டுல. குடும்பம்னா அப்படி நடத்தணும்."

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் முறுக்கைத் தட்டில் திரும்ப வைத்தார். சப்-இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "எப்படி வைப்பீங்க?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி.

தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுற்றிப் பார்த்தான். மூலையில் ஒட்டடைக்கம்பு இருந்தது. அதை எடுத்தான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் குறுக்கே போட்டு, வேட்டி நுனியால் மெதுவாகத் துடைத்துக் காட்டினான். கம்பின் நுனியில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி மனைவி அடுக்களைச் சுவரோடு ஒட்டிக் கீழே குந்தியிருந்தாள். இரண்டு கையும் தலைக்கு மேலே இருந்தது. அவளுக்கே தெரியாமல் அப்படி உட்கார்ந்திருக்கிறாள். ஒட்டடைக்கம்புக்கு. தம்பி உடனே, "பாத்தியளா மேடம், சொன்னேன்லா" என்றான்.

சப்-இன்ஸ்பெக்டர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை. அவள் கையை இறக்கி, கூடத்து நடுவைக் காட்டினாள். "அந்த வெளக்கக் கழட்டிப் பாருங்க," என்றாள். அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

விளக்கைக் கழற்றினதும் ஓட்டை தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "வெடிதான் மேடம், கோயில் வெடி இல்ல," என்றாள். அதற்குப் பிறகு தங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்போதுதான் தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீயா?"

"நாந்தாம்லே," என்றேன். "அவளும்தான்."

அன்றைக்கே அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஓட்டு எண்ணி முடிந்ததும் தம்பி வழக்கம்போலத் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வெல்வெட் உறையை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனார்கள். இவனுக்குக் கலெக்டர் உத்தரவு வந்திருக்கிறது, கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெறும் உறையோடு ரத வீதி வழியாக வர வெட்கப்பட்டு முடுக்கு முடுக்காகச் சுற்றி வந்தானாம். சித்தப்பா மகன் சொன்னான்.

நோட்டீஸ் கொடுத்து, பதில் வாங்கி, சில மாதத்தில் லைசென்ஸையே ரத்து செய்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்ய வக்கீலிடம் போனான். அவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். "சாட்சிக்கு முன்னால ஒட்டடக்கம்ப வச்சு நடிச்சுக் காட்டுன கட்சிக்காரன நான் இப்பதாம்வே பாக்கேன். நீரு போயிட்டு வாரும்," என்று அனுப்பிவிட்டார். கோர்ட்டும் உத்தரவு போட்டது. அவள் மேல் கை வைக்கக் கூடாது, அந்த வீட்டில் அவள் இருக்கலாம், அவன் உள்ளே வரக் கூடாது.

தம்பி இப்போது வாசுதேவநல்லூர் நிலத்தில் மோட்டார் ரூமில் இருக்கிறான். கடைசியில் காட்டுப்பன்றியைப் பக்கத்தில் பார்க்கிற யோகம் அவனுக்கு வந்தது. தகர டப்பாவைத் தட்டி விரட்டுகிறானாம். துப்பாக்கியைவிட டப்பாவுக்குத்தான் பன்றி அதிகம் பயப்படுகிறது என்று குத்தகைக்காரர் போன் செய்து சொன்னார். எனக்குத் தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன். போய்ப் பார்ப்பதில்லை.

போன வாரம் போனில் செய்தி வந்தது, அடுத்த தேர்தலுக்குத் தேதி அறிவித்துவிட்டார்கள் என்று. பழைய ஞாபகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன். கூடத்துக் கொக்கி ஒன்றில் குடை தொங்கியது. இன்னொன்றில் அவள் மகளின் காலேஜ் பை. லீவுக்கு வந்திருக்கிற பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. இவள் அருவாமனையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, எலெக்ஷன் அறிவிச்சுட்டான்," என்றேன், மூச்சு வாங்க.

"அப்படியா மதினி? நமக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல ஓட்டு?" வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"பாயசம் வைக்கலியா?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் நிஜமாகவே ஒன்றும் புரியவில்லை.

"பாயசமா? எதுக்கு மதினி?"

ஒரு வெண்டைக்காயை எடுத்துக் கடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.